சிவப்புப் பொட்டு வைத்த முனைகள்

சிதம்பரத்தில் வீட்டோடு ஒரு லேத் பட்டறை வைத்திருந்தேன். கடலூரில் கம்பெனி வேலையிலிருந்த மனைவியின் தம்பி, அங்கே கழித்துப்போட்ட கார்பைடு இன்சர்ட்டுகளைக் கேட்டு வாங்கி வருவான். இரும்பு சீவும் முக்கோண வில்லைகள். பக்கத்துக்கு மூன்றாக ஒன்றுக்கு ஆறு முனை. மழுங்கிய முனையில் மனைவியின் நகப்பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டு அடுத்த முனைக்குப் போவேன்.

ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த மச்சான், கரண்ட் போன நேரத்தில் சும்மா இருக்கமாட்டாமல் வில்லைகள் இருந்த டப்பாவையே பெயிண்ட் தின்னரில் அலசிவிட்டான். "ஒரே அழுக்கா இருந்துது மாமா, சுத்தம் பண்ணிட்டேன்."

ஒரு பொட்டும் மிச்சமில்லை. அந்த நல்ல மனசுக்காரனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒவ்வொரு முனையாகக் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தேன். கூரானது கீறும், மழுங்கியது வழுக்கும். பாதி டப்பா முடிவதற்குள் நகமெல்லாம் கோடு.

மனைவி பாலிஷ் பாட்டிலோடு வந்து என் விரலைப் பிடித்தாள்.

"இதுக்கும் ஒரு பொட்டு வச்சிரட்டுமா?"