ஆடி கழியட்டும் என்று நான் சொன்னது

தம்பி நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று அவருக்காகக் கூடியிருக்கும் உறவினர்களும், அவருடன் பணியாற்றிய நண்பர்களும், நேரில் வர இயலாமல் அஞ்சலில் இந்நினைவு மலரைப் பெறுவோரும் என் வணக்கத்தை ஏற்க வேண்டுகிறேன். வாழ்நாள் முழுவதும் அவரை 'நீ' என்றும் 'டா' என்றும் அழைத்தவன் நான். அச்சேறும் இப்பக்கங்களில் 'அவர்' என்று எழுதுகிறேன். உயிரோடிருந்தபோதே அந்த மரியாதையைச் சிறிதளவேனும் கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் எழுதும் கையைத் தடுக்கிறது. அதைச் சற்று ஒதுக்கிவிட்டு வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

எங்கள் பெற்றோருக்கு நாங்கள் மூவர்: நான், தங்கை, கடைசியாகத் தம்பி. செம்பாக்கம் ஏரிப் பாய்ச்சலில் பயிர் செய்த குடும்பம். நிலங்கள் மனைகளாகி விலைபோன காலத்தில் தந்தையார் எங்களுக்கென்று ஒரு மனையை மட்டும் நிறுத்திக்கொண்டார். அதில்தான் பிற்காலத்தில் ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு வீடுகள் கட்டினோம்; எனக்கொன்று, தம்பிக்கொன்று. வாசல் கதவு ஒன்றுதான். அதன் தூணில் பாட்டனார் பெயர் பொறித்த கல்லும் ஒன்றுதான்.

தந்தையார் நோயில் படுத்த ஆண்டில் நான் தாம்பரத்தில் கல்லூரி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். தம்பி மேல்நிலைப் பள்ளியை முடித்திருந்தார். ஒருவர் படிக்கலாம் என்ற நிலை. அவர் நின்றுகொண்டார், நான் பட்டம் பெற்றேன். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

பல்லாவரத்தில் தோல் பொருள்களை ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, சரக்கறைப் பொறுப்பாளராக உயர்ந்தார். தோலை விரலால் தடவிப் பார்த்தே எந்த ஊர்ப் பதனிடல் என்று சொல்வார் என அவருடன் பணியாற்றியவர்கள் கூறுவர். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் பல்லாவரம் சந்தையைச் சுற்றாமல் வீடு திரும்பமாட்டார். யாரோ பயன்படுத்திக் கழித்த மின்விசிறி, பித்தளைக் குழாய், கதவுக் கீல் என்று ஏதாவதொன்று அவர் பையில் இருக்கும். "அடுத்தவன் தூக்கிப் போட்டதையெல்லாம் ஏண்டா சுமந்துட்டு வர்றே?" என்று கடிந்துகொள்வேன். "அவனுக்கு ரிப்பேர் பண்ணத் தெரியலண்ணா, அதான் தூக்கிப் போட்டான்" என்பார். அந்த மின்விசிறி இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் சுழல்கிறது. பழைய பொருளைக் கையாள அவருக்கு வெட்கம் இருந்ததில்லை. எனக்கு இருந்தது.

அவருடைய ஐம்பத்திரண்டாம் வயதில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. எட்டு மாதம் வேலையின்றி இருந்தபின், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஒப்பந்தப் பணி கிடைத்தது. நிரந்தரப் பணியாளர்களுக்கு நிறுவனப் பேருந்து உண்டு, ஒப்பந்தத்தாருக்கு இல்லை. ஆகவே தம்பி காலையில் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஷேர் ஆட்டோ ஏறி, தாம்பரம் கிழக்கில் இறங்கி, நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறி மேற்கே இறங்கி, படப்பை வழியே செல்லும் பேருந்தைப் பிடித்து, இறங்கிய பின்னும் நெடுந்தூரம் நடப்பார். போக இரண்டரை மணி நேரம், வரவும் அவ்வளவே. மழை பெய்தால் அதற்கு மேலும் ஆகும். முழங்கால் வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கலாமா என்று அவர் என்னிடம் கேட்டது அந்த நாள்களில்தான். எங்கள் குடும்பத்தில் பெரிய பொருள் எதுவாயினும் மூத்தவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வாசலுக்குள் வரும். தந்தையாருக்குப் பின் அந்தச் சொல் என்னுடையதாயிற்று. தம்பி இளைஞரல்லர், மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தகப்பன். இருந்தும் என்னைக் கேட்டார்.

ஒரு ஞாயிறு காலையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ள மெக்கானிக் கடைக்கு இருவரும் சென்றோம். வண்டி பதினைந்து வயதைத் தாண்டியிருந்தது. பெட்ரோல் டேங்கில் பள்ளம். அதன்மேல் தூரிகையால் அடித்த கறுப்புச் சாயம். இருக்கையில் வேறு நிறத்தில் ஒட்டு.

"பாடிய பாக்காத சார். இன்ஜின் கல்லு மாரி கீது. மூணே கிக்கு, ஸ்டார்ட் ஆயிடும்" என்றார் மெக்கானிக்.

தம்பி உதைத்தார். ஐந்தாவது உதையில் வண்டி உயிர் பெற்று, நீலப் புகையைக் கக்கியது.

"மூணுன்னு சொன்னீங்களே" என்றேன்.

மெக்கானிக்குக்கு முன் தம்பி பதில் சொன்னார். "பரவாயில்லண்ணா, இது அஞ்சாவது உதைக்காவது கேக்குது. பஸ் ஸ்டாண்டுல நின்னு நூறு தடவை தரையை உதைச்சாலும் பஸ் வராது."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பதிவுச் சான்றையும் வரிச் சீட்டையும் வாங்கிப் பார்த்தேன். அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் தாள்களில் பிழை தேடிய கண். காப்பீடு மட்டும் காலாவதியாகியிருந்தது, மற்றவை சரி. பெயர் மாற்றத்தை முடித்துத் தந்த பிறகே மீதிப் பணம் வாங்குவதாகவும் மெக்கானிக் கூறினார். பிரேக்கை நானே அழுத்திப் பார்த்தேன். பிடித்தது.

ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஓடும்; ஐம்பத்து நான்கு வயதில், அந்த முழங்காலோடு, இந்த வண்டியை ஓட்டலாமா என்று கேட்டேன். அது நியாயமான கேள்வி. தம்பியும் அதை நினைத்துப் பார்த்திருந்தார். "லாரி ஓடற வண்டலூர் பக்கம் போகமாட்டேன்ணா. முடிச்சூர் வழியா, நாப்பதுலயே போவேன். போறதுக்கு ஒன்றரை, வர்றதுக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம் தினம். வீட்டுக்கு வந்து பொண்ணோட உக்காந்து சாப்பிடலாம்" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பிறகு மறுப்பதற்குரிய காரணம் என்னிடம் இல்லை. உண்மையான காரணம் வேறொன்று இருந்தது. என் மகளுக்கு ஒரு நல்ல இடத்திலிருந்து வரன் பேசிக்கொண்டிருந்தோம். ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்த நாளில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே வாசல், ஒரே முகப்பு. அங்கே என் காருக்குப் பக்கத்தில், எண்ணெய் ஒழுகிய தரைமேல், ஒட்டுப்போட்ட இருக்கையோடு இந்த வண்டி நிற்பதை அவர்கள் காண்பார்கள். யாருடையது என்று கேட்பார்கள். என் உடன்பிறந்தவருடையது என்று நான் சொல்லவேண்டியிருக்கும். அதைத் தம்பியின் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. ஆடி பிறந்து இரண்டு நாள்கள் ஆகியிருந்தன. அவர்கள் வந்து போகும்வரை தள்ளிப்போட அது கைகொடுத்தது.

"ஆடி பொறந்துடுச்சேப்பா. ஆடி கழியட்டும், பார்க்கலாம்" என்றேன்.

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணா, நீங்க எப்போலேருந்து ஆடி பார்க்கறீங்க?"

அவர் கேட்டதில் தவறில்லை. என் காரை நான் ஆடி மாதத்தில் தள்ளுபடி விலைக்கு வாங்கியவன். மாதத்துக்கும் இரும்புக்கும் என்ன தொடர்பு என்று தங்கை கணவரிடம் அரைமணி நேரம் வாதிட்டவன். அப்போது தம்பியும் கூட இருந்தார்.

"ஒரு வயசுக்கு மேல பார்க்கத்தான் தோணுது" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்து நின்றேன். உள்ளே தம்பி மெக்கானிக்கிடம் பேசியது காதில் விழுந்தது.

"எனக்கு ஆடில வண்டி எடுக்கறது ஒத்துக்காதுப்பா. ஆவணில வந்து எடுத்துக்கறேன்."

"இன்னா சார் நீ, புது வண்டின்னா பரவால்ல. இது எத்தினி ஆடிய பாத்துகீது!"

"அதுக்கு ஒத்துக்கும். எனக்குத்தான் ஒத்துக்காது" என்று சிரித்தார் தம்பி.

நான் சொன்ன பொய்யை அவர் தம் பெயரில் மாற்றிக்கொண்டதை அப்போதே கேட்டேன். திருத்தவில்லை. வசதியாக முடிந்தது என்றே எண்ணினேன்.

ஆடி கழிய ஐந்து நாள்கள் இருந்தபோது, ஒரு காலையில், தாம்பரம் கிழக்கில் நடைமேம்பாலத்தின் படியில் தம்பி உட்கார்ந்துவிட்டார். அவரை அப்போதுதான் இறக்கிவிட்டிருந்த ஷேர் ஆட்டோ ஓட்டுநர், அவர் நெஞ்சைப் பிடிப்பதைக் கண்டு வண்டியைத் திருப்பினார். புதிதாக ஏறியிருந்த பயணிகளில் இருவர் இறங்காமல் அவரைத் தாங்கிப் பிடித்தபடி மருத்துவமனை வரை வந்தனர். அன்று நண்பகலில் அவர் உயிர் பிரிந்தது. இதய நாளத்தில் நெடுநாளாக இருந்த அடைப்பு என்றனர் மருத்துவர்கள். மேம்பாலம் ஏறாதிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றனர். வண்டியில் போகும்போது நெஞ்சுவலி வந்திருந்தால் லாரிச் சக்கரத்தில் உயிர் போயிருக்கும் என்று ஆறுதல் கூறியவர்களும் உண்டு. இவ்விரண்டையும் ஓராண்டாக எடைபோட்டுப் பார்க்கிறேன். முள் எப்பக்கமும் நிற்கவில்லை.

துக்கம் விசாரிக்க வரன் வீட்டாரும் வந்திருந்தனர். முகப்பில் என்ன நிற்கிறது என்று அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த ஓட்டுநர் தாமே விசாரித்துக்கொண்டு வந்தார். சாப்பிட உட்காரவைத்தோம். "தெனம் நம்ம வண்டிதான் சார் அவரு. ஆவணி பொறந்தா ஒனக்கு டாட்டாடான்னு சொல்லிகினே வருவாரு. இப்பவே வாங்கிக்கினு போறதுதானேன்னா, 'ஆடின்னா எனக்கு பயம்பா'ம்பாரு. நாங்கல்லாம் செமையா ஓட்டுவோம் சார் அவர. பேண்ட்டு சட்ட போட்டுகினு ஆடிக்கு பயப்படறியேன்னு. ஒரு வார்த்த கோச்சிக்கமாட்டாரு" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த தங்கை கணவர் என் பக்கம் திரும்பினார். "என்ன மச்சான் இது, காலம் எங்கயோ போயிடுச்சு, சின்ன மச்சான் ஆடி பார்த்துக்கிட்டு இந்த படியெல்லாம் ஏறி எறங்கிட்டு இருந்திருக்காரே. நீங்களாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு அவ்ளோ லெக்சர் குடுத்தீங்களே."

பந்தியில் இருபது பேர் இருந்தனர். எல்லாரும் என் வாயைப் பார்த்தனர்.

"அவன் மனசுல என்ன பயம் இருந்துச்சோ" என்றேன்.

அன்றிலிருந்து உறவு வட்டத்தில் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. நல்ல மனிதர், ஆனால் மூடநம்பிக்கையால் உடம்பைக் கெடுத்துக்கொண்டார் என்று. அண்மையில் ஒரு திருமண வீட்டில், அவரை நேரில் அறியாத இளைஞர் ஒருவர் இதையே கதையாக வேறொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுத்த வரிசையில் அமர்ந்திருந்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

இம்மலருக்குக் கட்டுரை எழுதுமாறு தம்பியின் மனைவி கேட்டபோது, இந்தச் செய்தியையும் எழுதப்போவதாகச் சொன்னேன். அவர் உடனே மறுத்தார்.

"வேணாம் மாமா. நல்லா உழைச்சாரு, யாருக்கும் கெடுதல் நினைக்கலன்னு எழுதுங்க, போதும். அதை எழுதினா உங்களுக்குத்தான் தலைகுனிவு."

"உனக்குத் தெரியுமாம்மா?"

"அன்னிக்கு வந்த உடனே சொல்லிட்டாரே. 'பொண்ணு பார்க்க வர்ற நேரம், அண்ணனால அதை வாய்விட்டு சொல்ல முடியல, தவிச்சாரு. நானே ஆடி மேல போட்டுட்டேன்'னாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னாரு."

அவர் மூடநம்பிக்கை கொண்டவராகப் பெயரெடுத்தது என் பொருட்டு. அதைத் தெரிந்தே எடுத்துக்கொண்டார். நான் தெரிந்தே விட்டுவைத்தேன்.

நன்றி சொல்லும் கடமை எனக்கு உண்டு. தம்பியைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடிய ஓட்டுநருக்கும், அவர் தலையை மடியில் தாங்கி வந்த, இன்றுவரை பெயர் தெரியாத அந்த இரண்டு பயணிகளுக்கும், கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பி அந்த வண்டியை ஆவணி வரை தம்பிக்கென்றே ஒதுக்கி வைத்திருந்த மெக்கானிக்குக்கும், இறுதிச் சடங்குகளில் தோள் கொடுத்த செம்பாக்கம் தெருவாருக்கும், பல்லாவரத்து நண்பர்களுக்கும், இக்கட்டுரையை இறுதியில் தடுக்காமல் விட்ட தம்பியின் மனைவிக்கும் மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி.

உறவினர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இனி தம்பியைப் பற்றிப் பேசும்போது, அவர் ஆடிக்கு அஞ்சியவர் என்று யாரும் சொல்லவேண்டாம். அஞ்சியவன் நான். அஞ்சியது உங்களுக்கு.

— அண்ணன்