பௌர்ணமியன்று வந்த காய்ச்சல்

பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தபோது எனக்கு எழுபத்திரண்டு வயது. ரத்தம் போனதை மூலம் என்று நினைத்துப் பல மாதம் வெளியில் சொல்லாமல் இருந்துவிட்டேன். வேலூரில் அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள். பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்ததால் கீமோ வேண்டும் என்றார்கள். இந்த வயதில் தாங்குவாளா என்று உறவுக்காரர்கள் கேட்டதெல்லாம் என் கணவரிடம்தான். அவரும் என் நோயைப் பெயர் சொல்லிப் பேசியதே இல்லை. யார் விசாரித்தாலும் 'வயித்துல கட்டி' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கீமோவை எங்கள் ஊரிலேயே, வேங்கிக்கால் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் டிரிப்ஸாக ஏற்றினார்கள்; கூடவே வீட்டில் போட கீமோ மாத்திரையும் தந்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: காய்ச்சல் நூறைத் தாண்டினால் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, அந்த நிமிடமே கிளம்பி வர வேண்டும்.

இரண்டாவது ஊசி முடிந்த மறுவாரம் பௌர்ணமி. மாலையில் உடம்பு நடுங்கியது. தெர்மாமீட்டர் நூற்றொன்றுக்கு மேல் காட்டியது. எங்கள் வீடு செங்கம் சாலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வாசலில் தலைகளாகவே தெரிந்தன. ஆட்டோ எதையும் உள்ளே விடவில்லை. ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டால், கூட்டத்தைக் கடந்து வர நேரமாகும் என்றார்கள்.

"ஒரு மாத்திரை போட்டுக்கோ. கூட்டம் கம்மியானதும் போலாம்" என்றார் என் கணவர். அவர் குரலில் இருந்தது பயம். கூட்டத்தில் யாராவது இடித்துத் தள்ளிவிடுவார்களோ, வேறு ஏதாவது தொற்றிக்கொள்ளுமோ என்று அவருக்கு.

"இல்லீங்க. இப்பவே போவணும்" என்றேன்.

மொபெட்டை வெளியே எடுத்தார். என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்து, முகத்தில் துணியைக் கட்டிவிட்டு, எஞ்சினைப் போடாமல் தள்ள ஆரம்பித்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஊரே மலையைச் சுற்றப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் எதிரே வந்தோம். யாரோ நல்ல மனதோடு நீட்டிய குளிர்ந்த மோர் டம்ளரைத் தெரியாமல் வாங்கிவிட்டேன். அந்த மருந்து ஏறிய உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது. விரல்களில் முள் குத்தியது போலிருந்தது. டம்ளர் நழுவி அவர் சட்டையெல்லாம் மோர். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் முதுகில் சாய்ந்துகொள்ளவும் முடியாமல் சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

தடுப்புக் கம்பி அருகே ஒரு பெண் போலீஸ் மறித்தார். வண்டிக்கு அனுமதி இல்லை, திருப்பிக்கொண்டு போங்கள் என்றார்.

"ஓட்டலம்மா, தள்ளிக்கினுதான் வரேன்" என்றார் இவர். பிறகு என்னைக் காட்டினார். "இவங்களுக்குப் புத்துநோய். ஊசி போட்டிருக்கு. காய்ச்சல் வந்துடுச்சு."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தப் பெண் கம்பியை நகர்த்திவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கினார். தன் வயர்லெஸ்ஸில் சொல்லி அடுத்த முனையில் ஆட்டோவும் நிறுத்தி வைத்திருந்தார்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன.  சில நாள் ஊசியிலேயே கிடந்து தேறினேன்.

அதன்பிறகு மேற்கொண்டு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. சென்னையிலிருக்கும் மகன் போனில் தொடரச் சொன்னான். இவர், போதும், நிறுத்திவிடலாம் என்றார். டாக்டரம்மா போனுக்கும் இவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னையும் கேளுங்கம்மா" என்றேன்.

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். என் வயதில் டிரிப்ஸால் கிடைக்கும் கூடுதல் பலன் கொஞ்சம்தான், தொந்தரவு ஜாஸ்தி. மாத்திரையை மட்டும் அளவு குறைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினார். அதற்குச் சம்மதித்தேன்.

மாத்திரைகளை முழுவதும் முடித்தேன். இதுவரை எடுத்த ஸ்கேன்களில் ஒன்றும் இல்லை. கால் விரல்களில் மட்டும் அந்த டிரிப்ஸ் மருந்தால் வந்த மரப்பு போகவில்லை. செருப்பு கழன்றுபோனால் தெரிவதில்லை. வெளியே போகும்போது இவர் அரையடி பின்னால் தரையைப் பார்த்தபடியே வருகிறார்.