காய்ச்சக்காரி பாலும் பிச்சிப்பூவும்

மக்கா, இன்னைக்கு வடசேரியிலிருந்து இராஜாக்கமங்கலத்துக்கு பஸ்ஸில் வந்ததுக்கு நடந்தே வந்திருக்கலாம். அவ்வளவு அலுப்பு.

பக்கத்து சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும். மருமகள் மடியில் கைக்குழந்தை, அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. பால் வற்றட்டும்னு அவள் ஜம்பருக்குள்ள, மாரோடு சேத்து, பிச்சிப்பூ வச்சுக் கட்டியிருக்கு.

"மயினி, மருமகளுக்குப் பூ வைக்க தலை இல்லியா?"ன்னு மாமியாரைச் சீண்டினேன்.

"இவளுக்குக் காய்ச்சலுல்லா. காய்ச்சக்காரி பால் பிள்ளைக்கு ஆகாது. சீனித்தண்ணி குடுக்கேன்."

மருமகள் மெதுவா சொன்னா: "இந்தக் காய்ச்சலுக்குப் பால் குடுக்கலாம்னு டாக்டர் இப்பதானே சொன்னாரு அத்தே."

"அவரு ஆம்பிள. அவரு என்ன, பிள்ளை பெத்தாரா?"

"நீங்க பெத்தியளே மயினி, உங்களுக்குக் காய்ச்சலே வந்ததில்லியா?"ன்னேன், சிரிச்சுக்கிட்டு.

அவுக சிரிக்கல்லை. "மூத்தவன் கைக்குழந்தையா இருக்கும்போ வந்துது. எங்க அத்தையும் பூதான் கட்டினாவ, சீனித்தண்ணிதான் குடுத்தாவ. பிள்ளை தங்கல்லை."

சொல்லிட்டு மருமகள் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாவ. பிறகு அவுகளே மருமகளை முந்தானையால் மறைச்சு, பூவை அவுத்து வெளியே எறிஞ்சாவ. குழந்தை குடிக்க ஆரம்பிச்சுது.

அதுக்குப் பிறகு ஊரு வரைக்கும் எனக்கு ஒரு கேலியும் வரல்லை. என்னை மாதிரி கேலி பண்ண வாயைத் திறந்துட்டு முழிச்சவுக வேற யாரும் உண்டுமா, சொல்லுங்க.