அஞ்சலை அக்காவின் பிள்ளை

பிள்ளைகள் இல்லத்தில் விடுதிக் காப்பாளராக இருப்பவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயாக இருக்க வேண்டும். எந்த ஒரு பிள்ளைக்கும் தாயாகிவிடக் கூடாது. இவ்வேலையைச் செய்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. செய்யாதவர்களுக்கு விளக்கியும் பயனில்லை.

வேலை கேட்டு வந்தவர்

1979ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. பள்ளி திறந்த நாள். காலையிலேயே வெயில் சுட்டது. குன்னம் பக்கத்திலிருந்து வீசிய காற்று வகுப்பறைப் பலகைகளின்மேல் புழுதியைப் படியவிட்டிருந்தது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் இருந்த எங்கள் மிஷன் இல்லத்தில் நான் பகலில் தமிழாசிரியை, மாலையில் விடுதிக் காப்பாளர். அன்று காலை அஞ்சலை என்னும் பெண் சமையல் வேலை கேட்டு வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த கைகள்.

இல்லத்தின் தலைவி நேசமணி அம்மையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஊழியத்துக்கு வந்தவர், மணம் செய்துகொள்ளாதவர். "பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார் அஞ்சலை. அம்மையார் எங்கள் வழக்கத்தை விளக்கினார். தாயில்லாத பிள்ளைகளை மட்டுமே சேர்ப்பது இல்லத்தின் விதி. ஆகவே வளாகத்திற்குள் 'அம்மா' என்று அழைக்கப்படுபவர் தலைவி ஒருவரே. ஆசிரியைகள் 'டீச்சர்', மற்றப் பெண் பணியாளர் அனைவரும் 'அக்கா'. அஞ்சலை தலையாட்டிவிட்டுச் சொன்னார்:

"எப்படிக் கூப்புட்டா என்னங்க, கூப்புட்டாப் போதும்."

குறைந்த குழம்பு

அஞ்சலையின் சமையலில் குறை காண இயலவில்லை. பரிமாறுவதில்தான் எனக்கு ஐயம் எழுந்தது. மல்லிகா என்ற ஆறு வயதுச் சிறுமியின் தட்டுக்கு வரும்போது மட்டும் அவருடைய கரண்டி பாதியிலேயே நின்றுவிடும். அச்சிறுமி முந்தைய ஆண்டு தன் தாய்மாமனால் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவள். தாயும் தகப்பனும் இல்லை என்று அவன் சொல்லியிருந்தான். கேட்பாரற்ற பிள்ளை என்பதால் குறைக்கிறாரோ என்று எனக்குச் சினம் வந்தது. சாப்பாடு முடிந்ததும் சமையலறைக்குப் போனேன்.

"ஏன் அஞ்சலை, அந்தப் பிள்ளைக்கு மட்டும் குறைச்சு ஊத்துற? அது உனக்கு என்ன செஞ்சுது?"

அவர் கதவைச் சாத்தினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"அது என் புள்ளைங்க டீச்சர். நெறய ஊத்துனா தெரிஞ்சு போயிடுமேன்னுதான்."

இரண்டாம் சனிக்கிழமை

தகப்பன் இறந்தபின், கூலியில் பிள்ளையை வளர்க்க முடியாமல், தாய் உயிரோடிருப்பதை மறைத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஓராண்டுப் பிரிவைத் தாங்கமாட்டாமல் அஞ்சலை அடுப்படிக்கு வந்துவிட்டார். மகள் தாயை அடையாளம் கண்ட முதல் நாளே, "இங்க நான் அக்கா" என்று சொல்லிக்கொடுத்தும் விட்டார். செய்தி வெளிப்பட்டால் மல்லிகா இல்லத்தை விட்டுப் போக வேண்டும். போனால் பள்ளியில்லை, பருத்திக் காடுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை உறவினர் வரும் நாள். செந்துறைப் பேருந்திலிருந்து தகப்பன்மாரும் சித்தப்பன்மாரும் பொரியும் கடலைமிட்டாயுமாக இறங்குவார்கள். அப்படி ஒரு நாள் மல்லிகா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நேசமணி அம்மையார் பரிவோடு குனிந்து, "ஒன்னயப் பாக்க ஒருத்தரும் வரலியாளா?" என்றார். "எனக்கு வந்தாச்சும்மா" என்றாள் பிள்ளை.

யாருமற்றவர்களைப் பார்க்க ஆண்டவரே வருவார் என்று நாங்கள் நாள்தோறும் ஜெபத்தில் கற்பித்துவந்தோம். ஆகையால் அம்மையாருக்கு அந்த விடையில் வேறு பொருள் தோன்றவில்லை. அவர் கண்கள் நிறைந்துவிட்டன. என் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்:

"ஆறு வயசுப் பிள்ளைக்கு இருக்க விசுவாசம் நமக்கு உண்டுமா டீச்சர்?"

அறுப்பின் பண்டிகை

அதோடு நின்றிருந்தால் நன்று. அறுப்பின் பண்டிகைக்குச் சுற்று வட்டாரத்துச் சபையார் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆலயத்துக்குப் பின்னால் கொட்டகையில் அசனம் என்னும் பொதுப்பந்திக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது. ஆலயத்துக்குள், பூசணிக்காயும் சோளக்கதிரும் குவித்திருந்த மேடையருகே அம்மையார் மல்லிகாவை ஒரு நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தினார். ஆண்டவர் தன்னைப் பார்க்க வந்ததைப் பிள்ளை சபைமுன் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். நான் தடுக்க எழுந்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"சொல்லும்மா. ஒன்னயப் பாக்க வந்தது யாரு?"

பொய் சொல்லக் கூடாது என்று நாங்கள்தாம் அவளுக்குக் கற்பித்திருந்தோம். சொல்லக் கூடாது என்று தாய் கற்பித்திருந்தார். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கவாசலையே பார்த்தாள். அம்மையார் மீண்டும் கேட்டார். சபையார் புன்னகையோடு காத்திருந்தார்கள். பக்கவாசலில் நின்ற அஞ்சலை, கையில் சோற்றுத் துடுப்போடு உள்ளே வந்தார்.

"அதக் கேக்காதீங்கம்மா. நான்தான் வந்தேன். நான் பெத்த புள்ள அது. பொய்யச் சொல்லிக் குடுத்தவ நானு. சாமி முன்னால அத நிக்க வச்சுப் பொய் சொல்ல வுடாதீங்க."

தீர்ப்பு

அம்மையார் அன்று அசனத்தில் உட்காரவில்லை. மாலையில் என்னிடம், "பிள்ள ஆண்டவரச் சொல்லுதான்னுல்லா நெனச்சேன்" என்றார். பிள்ளையை வெளியேற்ற வேண்டும் என்று கூறிய நிர்வாகக் குழுவினரிடம் அவர் நெடுநேரம் வாதாடினார். முடிவில், பிள்ளை தங்கிப் படிக்கலாம், ஆனால் தாய் வளாகத்தில் வேலை செய்யலாகாது என்று தீர்ந்தது. அதுவே பெரிய சலுகை என்றார்கள். அஞ்சலை கும்பிட்டுவிட்டுப் பாடாலூருக்குப் போய், நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக் கடையொன்றில் மாவாட்டும் வேலையில் சேர்ந்தார்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை அவர் மற்றவர்களைப் போலவே பேருந்தில் வந்தார். கையில் முறுக்குப் பொட்டலம். மல்லிகா எல்லோர் காதிலும் விழ, "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். நானும் நேசமணி அம்மையாரும் மகிழ்ந்தோம். பேருந்துக்கு நேரமாகி அஞ்சலை எழுந்தபோது, பிள்ளை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அழவுமில்லை. நிதானமாகச் சொன்னாள்:

"நீ அக்காவாவே இருந்திருக்கலாம்ல?"

பின்னர் நடந்தவை சில. நேசமணி அம்மையார் ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் அதே கோரிக்கையை வைத்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு, கைம்பெண்களின் பிள்ளைகளைச் சேர்க்கலாம், தாய்மாரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விதி மாறியது. அஞ்சலைக்குச் சொல்லியனுப்பினோம். அவர் அதற்குள் பாடாலூர்க் கடையை விட்டு, தெரிந்தவர்களோடு திருப்பூருக்குப் போயிருந்தார்; அங்கே கிடைத்த வேலையை விட்டுத் திரும்ப அவரால் இயலவில்லை. மல்லிகா பத்தாம் வகுப்பு தேறியதும் அவரிடமே போய்ச் சேர்ந்தாள். பனியன் கம்பெனியில் வேலை என்று கேள்விப்பட்டேன். புதிய விதியின்படி இரண்டு தாய்மார் எங்கள் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அவர்களை அம்மா என்றே அழைத்தார்கள்.

நம் இல்லங்களில் விதிகள் திருந்தாமல் போவதில்லை. யாருக்காகத் திருந்த வேண்டுமோ அவர்கள் போன பிறகு திருந்துகின்றன.