அரிசி மில்லின் கிழக்குச் சுவர்

அத்திவரதர் போன முறைக்கு முந்தின முறை குளத்திலிருந்து வெளியே வந்த வருஷம்தான் அந்த அரிசி மில்லைக் கட்டினோம். நான் கலவை குழைத்தேன். நெல் அவிக்கிற தண்ணீர் வெளியே ஓடுவதற்காகத் தரையைக் கிழக்கே சரித்து, சுவரின் அடியில் ஒரு தூம்பு வைத்தோம்.

இப்போது அது கல்யாண மண்டபம். புகைபோக்கிக்குக் கலர் லைட் போட்டிருக்கிறார்கள். இதை நான் சொல்லச் சொல்ல இந்த வாட்ஸப் குரூப்பில் டைப் செய்கிற என் பேத்திக்கு வெள்ளிக்கிழமை அங்கேதான் நிச்சயதார்த்தம்.

இன்று காலை மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். பந்தி போடுகிற முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். தூம்பை மூடி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

மேனேஜரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினேன். “இங்கதான் ஓட்டை இருக்குதுபா. ஒரே ஒரு டைல்ஸ பேத்துப் பாரு.”

“நூறு வருஷத்துப் பாரம்பரியக் கட்டடம் தாத்தா. கை வைக்கக் கூடாது.”

“நூறு வருஷமா? நான் கட்டுனதுபா! எனக்கு என்ன வயசுன்னு நெனச்சுக்கினு இருக்கே?”

“ஆர்க்கிடெக்ட் பிளான்ல ஓட்டையே இல்லியே. எழுத்துல ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?”

கைநாட்டு வைக்கிறவனிடம் எழுத்து கேட்கிறான். வெள்ளிக்கிழமை மழை வந்தால் மோட்டார் வைத்து இறைத்துவிடுவானாம். மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான்.

“சரி, உங்களத் தவிர வேற யாருக்குத் தெரியும்?” என்று கேட்டான்.

மேஸ்திரி போய்விட்டார். கல் அடுக்கிய இரண்டு பேரும் போய்விட்டார்கள். நாளைக் காலை முசரவாக்கத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு என்னோடு யார் வருகிறீர்கள்? அந்தத் தூம்புக்குக் கல் சுமந்தவள் இன்னும் அங்கே இருக்கிறாள். அவளிடமும் காகிதம் கிடையாது, கடப்பாறை உண்டு.

பெயர் எல்லம்மா.