காதில் விழாத ஆமென்

அமெரிக்காவின் மிச்சிகனில், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தானியச் செதில்கள் செய்யும் ஓர் ஆலையில், அவற்றுக்குச் சர்க்கரைப் பாகு பூசும் பிரிவில் முப்பது வருடம் உழைத்தவர் டெல்பர்ட். சர்க்கரை நோய் வந்ததும், மனைவி ஐரீன் இனிப்பில்லாத தவிட்டுச் செதில் வாங்கி வைத்தாள். அவரோ அதைப் பறவைகளுக்குப் போட்டுவிட்டு, அதே பெட்டியில் பழைய இனிப்புச் செதிலை நிரப்பிச் சாப்பிட்டார்.

"ஆண்டவரே, என் புருஷனுக்கு வாயக் கட்டுற புத்தியக் குடுத்தீங்களே, ஸ்தோத்திரம்" என்று ஐரீன் தினமும் காலையில் ஜெபிப்பாள். டெல்பர்ட் ஆமெனை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார்.

அன்று ரொட்டி தீர்ந்துபோனதால், அவளும் அந்தப் பெட்டியிலிருந்து கொஞ்சம் போட்டுக்கொண்டாள். ஒரு வாய் மென்றவள் அவரையே பார்த்தாள்.

"உங்க ஆமென் ஏன் காதுல விழலன்னு இப்பத்தான் புரியுது."

டெல்பர்ட் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். தலை நிமிரவில்லை.

"நாளைக்கு எனக்காக நன்றி சொல்லாத, ஐரீன். நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."