பதிலைக் கீழே எழுதியவன்

மார்ச் 4: பதில் 2 வரி, அடியில் பழையது 311.
மார்ச் 19: பதில் 1 வரி, பழையது 324.
ஏப்ரல் 2, காலை: பதில் 3 வரி, பழையது 340.
ஏப்ரல் 2, மாலை: கண்டனம், 9 வரி.
ஏப்ரல் 3 முதல்: ஒன்றுமில்லை.

இது எங்கள் மின்னஞ்சல் குழுவின் பதிவேட்டில் உள்ளது. கடல்மட்டம் அளக்கும் ஒரு மென்பொருளைப் பற்றிப் பல துறைமுகங்களிலிருந்து அதில் எழுதுகிறார்கள். கடிதங்களை வரிசைப்படுத்திப் பாதுகாப்பது என் பொறுப்பு. முதல் மூன்றும் ஒரு தூர்வாரும் கப்பலிலிருந்து வந்தவை. எழுதியவரைத் தூர்வாரி என்றே அழைப்போம். கண்டனம் எழுதியவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி.

அலைதடுப்புச் சுவரின் கடைசியில் இருக்கும் ஒற்றை அறையில் அவனுக்கு வேலை. தரையில் ஒரு குழாய், அதற்குள் கடல்மட்டத்தோடு ஏறி இறங்கும் ஒரு மிதவை. ஜன்னல் கண்ணாடியில் உப்புப் படிந்திருப்பதால், வெளியே கப்பல்கள் பாலில் மிதப்பது போலத் தெரியும். மிதவை ஏறும்போது அவனும் சற்று நிமிர்வான். இறங்கும்போது தோள் தளரும். இது அவனுக்கே தெரியாது.

குழுவில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். வந்த கடிதத்தில் பதில் தேவைப்படும் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுவான். பதிலை அந்த வரிக்குக் கீழே எழுதுவான். "கேள்வி முதல்ல, பதில் அப்புறம். பேச்சுன்னா அப்படித்தானே அத்தான்?" என்பான்.

தூர்வாரி நேர்மாறு. பதிலை உச்சியில் வைத்து, பழையதையெல்லாம் அடியில் இழுத்துக்கொண்டு வருவார். ஆனால் அவர் எழுதும் இரண்டு வரிக்காக மச்சான் பதினொரு வருடமாக ஒவ்வொரு முறையும் காத்திருந்தான். "இன்று கடலுக்கு அடியில் மண், மழை மாதிரி மெதுவாக விழுகிறது" என்று ஒருமுறை எழுதியிருந்தார். சாப்பிடும்போது அதை எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, சோற்றில் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அவரைத்தான் ஏப்ரலில், எல்லோரும் பார்க்க, "தெருக்குப்பை மொத்தத்தையும் கூடவே இழுத்துட்டுத்தான் வருவீங்களா?" என்று கேட்டுவிட்டான். குழுவே சிரித்தது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஜூனில், அதே கப்பலில் முன்பு வேலை பார்த்த ஒருவர் குழுவுக்கு எழுதினார். கடலில் இணைப்புச் சில நிமிடம்தான் கிடைக்குமாம். கடைசியாக வந்த கடிதம் மட்டும்தான் இறங்குமாம். தம்மைப் போலக் கப்பலில் இருப்பவர்கள் ஒரே கடிதத்தில் முழுப் பேச்சையும் படிக்கட்டும் என்றுதான் தூர்வாரி பழையதை வெட்டாமல் விட்டாராம்.

மச்சான் அன்றே அவருக்குத் தனியாக மன்னிப்பு எழுதினான். பதில் இல்லை. ஜூலையும் போயிற்று.

"மரியாதையாத்தான் எழுதினேன்க்கா."

"திட்டினது எங்க?" என்றாள் என் மனைவி.

"குழுவுல."

"நடுத்தெருவுல நின்னு திட்டிட்டு, சந்துக்குள்ள போய் மன்னிப்புக் கேட்டியாக்கும். பெரிய வீரன்தான்."

"அத்தான், அந்தக் கண்டனத்தையாவது அழிச்சிடுங்களேன்."

"அழிக்கிற வழக்கம் இல்ல மச்சான்."

"எங்க கல்யாணப் பத்திரிகையில தேதியைத் தப்பா அடிச்சிருந்தாங்க. அதையே இன்னும் பத்திரமா வெச்சிருக்காரு. இவர்கிட்ட போய் கேக்கிறியே," என்றாள் அவள்.

மறுநாள் மதியம் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மழைமூட்டத்தில் சுவரும் கடலும் ஒன்றாகியிருந்தன. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை. அவன் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தான். மன்னிப்பு உச்சியில் இருந்தது. அடியில் பழையது முழுவதும், அவனுடைய ஒன்பது வரியும் சேர்த்து.

"அதை வெட்டலையா?"

"கப்பல்ல இருக்கிறவருக்கு, நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கிறேன்னு தெரிய வேண்டாமா?"

அனுப்பினான். கத்தரி மழுங்கிவிட்டதா என்று யாரோ கேலியாக எழுதினார்கள். குழாய்க்குள் மிதவை ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தபடி இருந்தான்.

கடைசியில் வந்த தூர்வாரியின் கடிதத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "இங்கே அடித்தரை தெளிந்திருக்கிறது. உங்கள் பக்கம் தண்ணீர் எப்படி?" என்பதே பதில். உச்சியில் 2 வரி, அடியில் பழையது 374.

வந்த தேதி: ஆகஸ்ட் 21.